அப்பார்ட்மென்ட் பஜார் ஸ்டாலில் டெமோ புக்கிங் வாங்குவது எப்படி?

அடுக்களை_அரசி

எல்லோருக்கும் வணக்கம். சமையல் பாத்திரமும் டப்பாக்களும் விற்கும் ஒரு நேரடி விற்பனை நிறுவனத்தில் நான் விற்பனையாளர். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் விளம்பரம் என்று இழையைப் பூட்டிவிடுவார்கள். எங்களுக்கு உண்மையான வருமானம் வீட்டு டெமோவில்தான். ஒரு வீட்டில் ஐந்தாறு பெண்கள் கூடி, நான் சமைத்துக் காட்டி, அங்கேயே ஆர்டர் எடுத்தால்தான் மாதம் ஓடும்.

தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு சென்னை ஓஎம்ஆரில் ஒரு பெரிய குடியிருப்பில் இரண்டு நாள் பஜார் நடக்கிறது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட், வாடகை 3,000 ரூபாய். என் அப்லைன், அதாவது என்னை இதில் சேர்த்துவிட்டவர், சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "குலுக்கல் பெட்டி வை, எவ்வளவு நம்பர் முடியுமோ அவ்வளவு சேர்." ஆனால் பெட்டியில் விழும் நம்பர்களைக் கூப்பிட்டால் பாதிப் பேர் எடுப்பதில்லை. எடுப்பவர்களும் "எந்த ஸ்டால்ங்க?" என்று கேட்கிறார்கள். ஸ்டாலில் நின்று டெமோ புக்கிங் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

மதுரை_மல்லி

பெட்டியைத் தூக்கிப் போடுங்கள் முதலில். பரிசுக்காக எழுதிய நம்பர் அது. உங்களுக்காக எழுதியதில்லை.

கோவை_ஸ்டால்காரர்

மல்லி சொல்வதை முழுசாக ஏற்க மாட்டேன். நான் கொடிசியா வளாகத்தில் நடக்கும் பொருட்காட்சிகளில் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் போடுகிறவன். அந்தக் கூட்டத்தில் ஒருவரிடம் ஐந்து நிமிடம் நின்று பேச முடியாது. சீட்டு எழுதி வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தச் சீட்டில் என்ன கேட்கிறீர்கள் என்பதுதான் விஷயம். பெயரும் நம்பரும் மட்டும் கேட்டால் குப்பைதான் வரும். "உங்கள் வீட்டில் இப்போது கேன் தண்ணீரா, மெஷினா, கார்ப்பரேஷன் தண்ணீரா?" என்று ஒரு கேள்வி சேர்த்தேன். கேன் என்று எழுதியவரை மட்டும் கூப்பிடுவேன். மற்ற சீட்டுகளைத் தொடுவதே இல்லை.

பெரம்பூர்_அக்கா

அரசி, நீ எங்கே தடுமாறுகிறாய் என்று புரிகிறது. வயதில் சின்னவள் என்று நினைத்து ஒருமையில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் அப்லைன் சொல்வது நம்பர் சேர்க்கும் வேலை. உனக்கு வேண்டியது தேதி. நம்பர் வாங்குவது சுலபம், அப்புறம் அதை வைத்து மல்லுக்கட்டுவதுதான் கஷ்டம். தேதி வாங்குவது ஸ்டாலில் கொஞ்சம் கஷ்டம், ஆனால் அதற்குப் பிறகு போன் செய்யும்போது "நான் யாரென்றால்" என்று தொடங்க வேண்டியதில்லை. அவர்களே காத்திருப்பார்கள்.

மேசை மேல் ஒரு பெரிய மாதக் காலண்டர் வை. ராகு காலம், அஷ்டமி நவமி, கரிநாள் எல்லாம் அச்சடித்தது இருக்குமே, அதுதான். நம் ஊரில் தேதி கேட்டதும் "நாள் எப்படி இருக்குன்னு வீட்ல பார்த்துச் சொல்றேன்" என்பார்கள். காலண்டர் மேசையிலேயே இருந்தால் பார்க்க வீட்டுக்குப் போக வேண்டாம். நீ வர முடியாத நாட்களைச் சிவப்பில் அடித்துவிடு. ஏற்கெனவே டெமோ இருக்கும் நாட்களில் பிளாக் பெயரை மட்டும் எழுது. மிச்சம் காலியாக இருப்பது அவர்கள் கண்ணுக்கே தெரியும்.

அப்புறம், உன் பஜார் தீபாவளிக்கு முன்பு. அந்த மூன்று வாரமும் வீடு கழுவுவது, துணி எடுப்பது, பலகாரம் என்று யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. "அடுத்த வாரம் வரட்டுமா" என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும், அப்படிச் சொல்லிப் பழகிய வாய் அப்புறம் திறக்காது. தீபாவளிக்குப் பின்னால் உள்ள தேதியைக் கேள். அதிலும் தீபாவளி அமாவாசைக்கு மறுநாளிலிருந்து ஆறு நாள் கந்த சஷ்டி. விரதம் இருக்கிற வீட்டில் கூட்டம் சேர்க்க மாட்டார்கள். சூரசம்ஹாரம் முடிந்த வாரத்திலிருந்து உன் காலண்டரைத் திறந்து வை.

நேரமும் முக்கியம். வேலைக்குப் போகாதவர்களுக்குக் காலை 11 மணி. பள்ளி வேன் வருவதற்குள் முடிந்துவிடும். ஐடி வேலைக்காரர்களுக்குச் சனிக்கிழமை மாலை 4.30. செவ்வாய், வெள்ளி மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றும் வீடுகளில் நீ பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தால் மாமியார் முகம் மாறும். மாமியார் முகம் மாறினால் ஆர்டர் போச்சு.

புதுசு_கண்ணா

அக்கா, காலண்டரில் சும்மா நாலைந்து போலி புக்கிங் எழுதி வைத்தால் டிமாண்ட் இருக்கிற மாதிரித் தெரியுமே? எங்கள் டீமில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள்.

பெரம்பூர்_அக்கா

தம்பி, "சி பிளாக்"னு நீ பொய்யாக எழுதியிருப்பாய். சி பிளாக்கில் குடியிருக்கிற அம்மாவே வந்து "யார் வீட்ல?" என்று கேட்பார். ஒரே காம்பவுண்டுக்குள் இந்த வேலை செல்லாது.

மதுரை_மல்லி

காலி காலண்டர் அசிங்கமில்லை. "நீங்கதான் முதல், எந்த நாள் வேணும்னாலும் எடுத்துக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். அதுவும் ஒரு ஈர்ப்புதான்.

சந்தேகப்பிராணி

மன்னிக்கணும், இதை வாங்குகிற பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இந்த ஸ்டால்களைக் கண்டாலே நான் எதிர்ப்பக்கம் நடப்பேன். பாத்திரம் பார்க்கலாம் என்று நின்றால் பத்தாவது நிமிடத்தில் "மேடம், நீங்களும் சம்பாதிக்கலாமே" என்று ஆரம்பிக்கிறார்கள். நம்பர் கொடுத்தால் மறுநாள் காலை ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். தினமும் குட்மார்னிங், ரோஜாப்பூ, இடையிடையே தட்டுகளின் விலை. நீங்கள் புக்கிங் கிடைக்கவில்லை என்கிறீர்கள், நாங்கள் ஏன் ஓடுகிறோம் என்றும் கொஞ்சம் யோசியுங்கள்.

அதோடு, இந்த வீட்டு டெமோ வியாபாரமே முடிந்த கதை இல்லையா? வீட்டு டெமோவுக்குப் பேர்போன டப்பர்வேர் நிறுவனமே 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

கோவை_ஸ்டால்காரர்

டப்பர்வேர் கதையை எடுத்தீர்கள், அதனால் சொல்கிறேன். அந்த டப்பா கடையில் இருந்தவரை சரியாகப் போகவில்லை. மூடியை அழுத்திக் காற்றை வெளியேற்றுவதை யாராவது செய்து காட்டினால்தான் வாங்குபவருக்குப் புரிந்தது. வீட்டில் பெண்களைக் கூட்டி அதைச் செய்து காட்டி விற்றவர் பிரௌனி வைஸ். 1951-ல் நிறுவனம் கடைகளிலிருந்து சரக்கை எடுத்துவிட்டு வீட்டு விற்பனையை மட்டும் நம்பி இறங்கியது, அதை நடத்தும் பொறுப்பை அவரிடமே கொடுத்தது. எழுபது வருடம் தாண்டி அந்த நிறுவனம் கடனில் சிக்கியது வேறு கதை. செய்து காட்டினால் விற்கும் பொருள் இன்றும் செய்து காட்டினால்தான் விற்கும். அடிகனமான பாத்திரத்தை ஆன்லைனில் படம் பார்த்து யார் வாங்குவார்கள்?

ஆனால் வாட்ஸ்அப் குழு பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

சட்டப்புள்ளி

மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். இதில் பலர் தெரியாமலே மாட்டிக்கொள்கிறார்கள்.

குலுக்கல் பெட்டி பற்றி. பிஸ்கட் பாக்கெட்டிலும் சோப்பு உறையிலும் "இந்தச் சலுகை தமிழ்நாட்டில் செல்லாது" என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் (தடை) சட்டம், 1979. பொருள் வாங்கியவர்களுக்குள் குலுக்கல் போட்டுப் பரிசு தருவதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே "500 ரூபாய்க்கு வாங்கினால் ஒரு கூப்பன், மாலையில் குலுக்கல்" என்று பேனர் கட்டாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு சீட்டு விற்பது அதைவிட மோசம், லாட்டரியை இந்த மாநிலம் 2003-லேயே மூடிவிட்டது. வெளியூர்ப் பயிற்சி வீடியோக்களில் "ராஃபிள் வையுங்கள்", அதாவது குலுக்கல் வையுங்கள் என்பார்கள். அவர்களுக்கு நம் ஊர்ச் சட்டம் தெரியாது. குலுக்கல் இல்லாமல், டெமோவுக்கு வீடு தருகிற ஒவ்வொருவருக்கும் இன்ன பொருள் என்று நேராகச் சொல்லிக் கொடுங்கள். அதில் சீட்டும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை.

இரண்டாவது, நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள், 2021. அந்த ஆண்டு டிசம்பர் 28-ல் வந்தது. அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் விற்பனையாளர் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகக் கூடாது. பேச ஆரம்பிக்கும்போதே நீங்கள் யார், எந்த நிறுவனம், எதற்காகப் பேசுகிறீர்கள் என்று சொல்லிவிட வேண்டும். அவர்கள் தரும் சொந்த விவரங்களைப் பாதுகாக்கும் பொறுப்பும் உங்களுடையதுதான். பெரம்பூர் அக்கா தேதி வாங்கச் சொன்னது வியாபாரத்துக்கு மட்டுமல்ல, இந்த விதிக்கும் பொருந்துகிறது. தேதியும் நேரமும் அவர்கள் கையாலேயே எழுதிய சீட்டு உங்களிடம் இருந்தால் அதுதான் முன் அனுமதி. அதைப் பத்திரமாக வையுங்கள்.

மூன்றாவது, சேர்வதற்கு ஒரு தொகை கட்டச் சொல்வதற்கும், ஆள் சேர்த்தால் காசு என்ற பிரமிடுக்கும் அந்த விதிகளில் இடமில்லை. சந்தேகப்பிராணி சொன்ன "நீங்களும் சம்பாதிக்கலாமே" பேச்சு எங்கே போய் முடிகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அசோசியேஷன்_செயலர்

நான் ஒரு குடியிருப்பு சங்கத்தில் பஜார் பொறுப்பு பார்க்கிறேன். ஸ்டால் கேட்டு வருகிறவர்களில் நேரடி விற்பனைக்காரர்களுக்கு நாங்கள் யோசித்துத்தான் இடம் தருகிறோம். பொருள் மேல் குறை இல்லை. பஜார் முடிந்த பிறகு இண்டர்காமில் கூப்பிடுவது, செக்யூரிட்டியிடம் "இன்ன பிளாட்டுக்குப் போகணும்" என்று சொல்லி உள்ளே நுழைந்து அப்படியே மாடி மாடியாக மணி அடிப்பது, இதுதான் பிரச்சினை. ஒரு புகார் வந்தால் அடுத்த பஜாருக்கு இடமில்லை.

அரசி அவர்களுக்கு நடைமுறையாக ஒன்று. பிளக் பாயின்ட் 6 ஆம்பியரா 16 ஆம்பியரா என்று முன்பே கேட்டுவிடுங்கள். எங்கள் பார்ட்டி ஹாலில் ஒருவர் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பைச் சின்ன பிளக்கில் செருகி, பக்கத்து நான்கு ஸ்டால்களும் இருட்டாகிவிட்டன. கேஸ் அடுப்புக்கு எங்கள் சங்கத்தில் அனுமதியே கிடையாது.

அடுக்களை_அரசி

எல்லோருக்கும் நன்றி. குலுக்கல் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, அப்லைனுக்கும் அனுப்பிவிட்டேன். பிளக் பற்றியும் இன்றே கேட்கிறேன்.

அக்கா, காலண்டர் புரிந்தது. ஆனால் ஆளை எப்படி அங்கே கொண்டுவருவது? மேசைக்குப் பின்னால் நின்று "வாங்க வாங்க" என்று கூப்பிட எனக்கு வரவில்லை. பேச ஆரம்பித்தாலும் எந்த இடத்தில் "டெமோ வைக்கிறீர்களா" என்று கேட்பது?

பெரம்பூர்_அக்கா

மேசைக்குப் பின்னால் நிற்காதே, அவ்வளவுதான். மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டு நீ பக்கவாட்டில் நில். குறுக்கே மேசை இருந்தால் கடை என்று நினைத்து விலை கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

இருக்கிற சரக்கையெல்லாம் அடுக்காதே. ஒரு பாத்திரம், ஒரு சமையல். அரை மணிக்கு ஒரு முறை வெங்காயம் வதக்கு. வாசனைக்கு வருகிற கூட்டம் பேனருக்கு வராது. வதக்கிய சட்டியில் பீட்ரூட்டோ கேரட்டோ போட்டு, தண்ணீர் ஊற்றாமல் மூடி வை. "எவ்வளவு நேரத்துல வேகும்னு நினைக்கிறீங்க?" என்று கேள். பதில் சொன்னவர்கள் மூடியைத் திறக்கும்வரை நகர மாட்டார்கள். அந்த இடைவெளிதான் உனக்குப் பேசக் கிடைக்கும் நேரம்.

அப்போது விற்காதே, கேள். வீட்டில் எத்தனை பேர், யார் சமைக்கிறார்கள், எண்ணெய் குறைக்கச் சொன்னது டாக்டரா, காலையில் டிபன் பாக்ஸ் எத்தனை. ஒருவர் "எங்க மாமியாருக்கு சுகர், தனியா சமைக்கணும்" என்றால் அதைச் சீட்டின் பின்பக்கம் எழுது. மூடியைத் திறந்து ருசி பார்க்கக் கொடு. கொடுத்த கையோடு கேட்டுவிடு: "இதையே உங்க அடுப்புல, உங்க மாமியாருக்கு என்ன செய்வீங்களோ அதையே செஞ்சு காட்டறேன். பக்கத்து பிளாட்ல ரெண்டு பேரைக் கூப்பிட்டுக்குங்க." உடனே காலண்டர் பக்கம் திரும்பி, "வார நாள் சௌகரியமா, சனிக்கிழமையா?"

இவ்வளவுதான். நீளமாகப் பேசினால் கேட்க வேண்டியதைக் கேட்காமலே விட்டுவிடுவாய்.

சந்தேகப்பிராணி

"வார நாளா, சனிக்கிழமையா" என்பது சம்மதம் வருவதற்கு முன்பே சம்மதித்ததாக வைத்துக்கொள்கிற தந்திரம். எனக்குப் பிடிக்கவில்லை.

பெரம்பூர்_அக்கா

நியாயமான கேள்விதான். என் அளவுகோல் ஒன்று உண்டு: அவர்கள் வீட்டுக் கதையை என்னிடம் சொல்லியிருந்தால் மட்டும் இப்படிக் கேட்பேன். சும்மா ருசி பார்த்துவிட்டு நகர்கிறவரிடம் கேட்பதில்லை. "வேண்டாம்" என்றால் இரண்டாவது முறை கேட்பதும் இல்லை. கேட்டலாக்கைக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

கோவை_ஸ்டால்காரர்

என் அனுபவத்தில் எல்லோரிடமும் கேட்க வேண்டும். முகத்தைப் பார்த்து இவர் வாங்குவார், இவர் வாங்கமாட்டார் என்று முடிவு செய்தால் நல்ல ஆளைத் தவறவிடுவோம். காட்டன் புடவை, சாதாரண செருப்பு, கையில் ஒரு மஞ்சப்பை என்று வந்த ஒரு அம்மா ஸ்டாலிலேயே முழுப் பணத்தையும் கொடுத்து மெஷின் எடுத்தார். பந்தாவாக வந்தவர்கள் கேட்டலாக்கோடு போனார்கள்.

மதுரை_மல்லி

இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான் போலத் தெரிகிறது. பேச எல்லோரிடமும் பேசுங்கள், தேதியை மட்டும் வீட்டுக் கதை சொன்னவரிடம் கேளுங்கள்.

அரசி, சீட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: "வீட்டில் செய்து காட்டணும்", "கேட்டலாக் போதும்", "இப்போதைக்கு வேண்டாம்". எந்த நேரம் கூப்பிடலாம் என்று ஒரு வரி. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாமா என்பதற்கு ஆம், இல்லை. "வேண்டாம்" கட்டம் இருப்பதால்தான் மற்ற இரண்டும் உண்மையாக இருக்கும். நான் சித்திரைப் பொருட்காட்சி சமயத்தில் தமுக்கம் மைதானத்தில் அழகு சாதனம் போட்டபோது இப்படித்தான் செய்தேன். சீட்டு குறைந்தது, அலைச்சலும் குறைந்தது.

புதுசு_கண்ணா

க்யூஆர் கோடு வைத்து கூகுள் ஃபார்ம் நிரப்பச் சொன்னால் பேப்பர் மிச்சம் ஆகுமே?

மதுரை_மல்லி

நிரப்புவார்கள். குனிந்து போனைப் பார்த்துக்கொண்டே அடுத்த ஸ்டாலுக்குப் போய்விடுவார்கள். பேனாவைக் கொடுத்தால் எழுதி முடிக்கும்வரை உங்கள் முன்னால் நிற்பார்கள். க்யூஆர் பணம் வாங்க மட்டும்.

அசோசியேஷன்_செயலர்

இன்னொன்று. பிளாட் நம்பரைக் கேட்காமல் பிளாக் பெயரை மட்டும் கேளுங்கள். புதிதாகப் பார்க்கிற ஒருவரிடம் பிளாட் நம்பர் எழுதித் தரப் பலருக்கும் தயக்கம் உண்டு, அதுவும் தனியாக இருக்கும் பெரியவர்கள். தேதி உறுதியான பிறகு அவர்களே சொல்வார்கள், கேட்டிலும் அவர்களே சொல்லி வைப்பார்கள்.

பெரம்பூர்_அக்கா

செயலர் ஐயா சொன்னது நல்ல யோசனை. பிளாக் தெரிந்தால் இன்னொரு லாபமும் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் ஓஎம்ஆரில் மழை பெய்தால் வெளியிலிருந்து யாரும் டெமோவுக்கு வரமாட்டார்கள். ஒரே பிளாக்கில் இருப்பவர்களைக் கூட்டினால் லிஃப்டில் இறங்கி வந்துவிடுவார்கள். அந்த மாதங்களில் தனி வீட்டு டெமோவை நான் தொடுவதே இல்லை, அப்பார்ட்மென்ட் மட்டும்தான்.

அரசி, பஜார் முடிந்த அன்று ராத்திரியே செய்தி அனுப்பிவிடு. மறுநாள் என்று தள்ளினால் மறந்துவிடுவார்கள். தேதி கொடுத்தவர்களுக்கு இது போதும்:

"வணக்கம்ங்க. இன்னைக்கு பஜார்ல பீட்ரூட் ருசி பார்த்தீங்களே, அந்த ஸ்டால்லேர்ந்து பேசறேன். நவம்பர் மூணாவது சனிக்கிழமை 4.30க்கு உங்க வீட்ல டெமோன்னு எழுதிக் கொடுத்தீங்க. மாமியாருக்கு எண்ணெய் குறைச்சுப் பொரியல் செஞ்சு காட்டறேன். காய் நானே வாங்கிட்டு வந்துடறேன். ரெண்டு நாள் முன்னாடி ஒரு தடவை ஞாபகப்படுத்தறேன்."

படம், வீடியோ, விலைப்பட்டியல் எதுவும் அதோடு வேண்டாம். கேட்டலாக் கட்டம் போட்டவர்களுக்குக் கேட்டலாக்கை மட்டும் அனுப்பு. குழுவில் சேர்க்காதே. கேட்காமல் கூப்பிட்டுத் தொல்லை கொடுத்தால் தொல்லை அழைப்புப் புகாருக்கான 1909 எண்ணில் புகார் செய்வார்கள், அப்புறம் உன் நம்பருக்கே சிக்கல்.

தேதி வாங்கிவிட்டோம் என்று உட்கார்ந்துவிடாதே. வீடு தருகிறவர் எட்டுப் பேரைக் கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள். "யாரையாவது கூப்பிடுங்க" என்றால் யாரையும் கூப்பிடமாட்டார். பெயர் சொல்லிக் கேள்: எதிர் வீடு, ஸ்கூல் வேனில் சேர்ந்து நிற்கிறவர், வாக்கிங் தோழி. அவருக்குக் கிடைக்கிற பரிசு என்ன, எவ்வளவு ஆர்டர் வந்தால் எது என்பதையும் முதலிலேயே காட்டிவிடு. டெமோ முடிந்தபின் "இவ்வளவுதானா" என்ற முகத்தைப் பார்க்க நேரக் கூடாது.

சந்தேகப்பிராணி

அந்தச் செய்தி எனக்கு வந்திருந்தால் பதில் போட்டிருப்பேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டெமோவில் வேறு பேச்சு, அதாவது ஆள் சேர்ப்பு, வருமா வராதா?

பெரம்பூர்_அக்கா

என் டெமோவில் வராது. யாராவது தானாகக் கேட்டால் இன்னொரு நாள் தனியாக உட்கார்ந்து பேசுவேன். பாத்திரம் பார்க்க வந்த நாலு பேர் முன்னால் அந்தப் பேச்சை எடுத்தால் பாத்திரமும் விற்காது.

அடுக்களை_அரசி

அக்கா, கடைசியாக ஒன்று. இரண்டு நாள் ஸ்டாலில் எத்தனை தேதி கிடைத்தால் பரவாயில்லை என்று நினைக்கலாம்? தேதி கொடுத்துவிட்டு அவர்கள் ரத்து செய்தால் என்ன செய்வது?

பெரம்பூர்_அக்கா

நாலு தேதி கிடைத்தால் நல்ல ஸ்டால். வாடகை, காய், ஆட்டோ எல்லாம் இரண்டு டெமோவிலேயே வந்துவிடும். பத்து தேதி வாங்கினால் நீ அலைந்தே செத்துப்போவாய், பாதியை நீயே ரத்து செய்வாய்.

அவர்கள் ரத்து செய்தால் ஏன் என்று தோண்டாதே. "பரவாயில்லைங்க, அதே கிழமை ரெண்டு வாரம் தள்ளி வச்சுக்கலாமா?" என்று ஒரு தேதியைச் சொல். சரி என்றால் காலண்டரில் மாற்று. மறுபடியும் தள்ளினால் டெமோ பேச்சை விட்டுவிட்டு, "உங்களுக்கு மட்டும் எது வேணும்னு சொல்லுங்க, கேட் வரைக்கும் கொண்டுவந்து தர்றேன்" என்று கேள். அந்த வீட்டு மாமியாருக்கு அந்தச் சட்டி எப்படியும் தேவைப்படுகிறது. அன்றைக்குக் காலியான நேரத்தை "கேட்டலாக் போதும்" என்று எழுதினவர்களில் அதே பிளாக்கில் இருக்கிற ஒருவருக்குக் கொடு. வாட்ஸ்அப்புக்கு ஆம் போட்டவர்களாகப் பார்த்துக் கேள்.